ஊர் ஊராகப் படம் காட்டியவர்!

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துத் தாத்தா, பாட்டியிடம், 'டென்ட் கொட்டகை' என்று சொல்லிப் பாருங்கள், குட்டீஸ்... மணலைக் குவித்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்து படம் பார்த்த கதையை உற்சாகமாகச் சொல்லத் துவங்கி விடுவர்.

தமிழகத்தில், கூடாரம் அடித்து, ஊர் ஊராகப் படம் காட்டும் தொழிலுக்கு வழி காட்டியவர் யார் தெரியுமா? கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட்!

இவர், 1883ல் பிறந்தார். திருச்சியில், ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை. மாதச் சம்பளம், 25 ரூபாய்.

கடந்த, 1905ல், டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் திருச்சிக்கு வந்தார். படம் காட்டும் கருவியும், சில படச்சுருள்களும் வைத்திருந்தார். திடீரென உடல்நலம் கெட்டதால், எல்லாவற்றையும் விற்றுவிட்டு, சொந்த நாடு திரும்ப நினைத்தார். விலை, 2,250 ரூபாய்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். வின்சென்ட், தன் சம்பளத்தில் காலணா கூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும், அந்தப் பணம் சேர, 90 மாதங்கள் ஆகும். அதாவது, ஏழரை ஆண்டுகள்!

அப்போது அவருக்கு வயது, 22 தான். கூட்டம் வராவிட்டால் என்ன ஆகும்? கருவி பழுதானால் யார் சரி செய்வர்? இப்படிப் பல கேள்விகள் இருந்தும் அவர் பின்வாங்கவில்லை. பணத்தைத் திரட்டிக் கருவியை வாங்கினார், வேலையையும் விட்டார்.

திருச்சியில் கூடாரம் அடித்து, இயேசுநாதரின் வாழ்க்கைப் படத்தையும், குட்டிக் குட்டிப் படங்களையும் காட்டினார். திரையில் மனிதர்கள் நடப்பதைக் கண்ட மக்கள் வியந்து போயினர். பின், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். இன்று பாகிஸ்தானில் உள்ள லாகூர், பெஷாவர் வரை போய் வந்தார். 1909ல், சென்னையிலும் கூடாரம் போட்டார்.

வெளிநாட்டுப் படம் நம் ஊர் மக்களுக்கு எப்படிப் புரிந்தது என்று தானே கேட்கிறீர்கள்? அந்தக் காலப் படங்கள் பேசாது, எல்லாம் ஊமைப்படங்கள். அழுகை, கோபம், சிரிப்பு எல்லாவற்றையும் நடிகர்கள் முகத்திலும், கை, கால் அசைவிலும் காட்டினர். இடையிடையே வரும் எழுத்துகளைப் படித்து, கதை சொல்ல, திரையின் அருகே ஒருவர் நிற்பதும் உண்டு.

ஐரோப்பாவில் உள்ள சின்னஞ்சிறு நாடான டென்மார்க்கில், 1906ல், நோர்டிஸ்க் என்ற படக் கம்பெனி துவங்கியது. பூமி உருண்டை மேல் நிற்கும் பனிக்கரடி தான் அதன் சின்னம். டேனிஷ் மொழி தெரியாத நாடுகளிலும், டென்மார்க் படங்கள் ஓடின. மிடுக்காக நடந்து வரும் சிப்பாய், தனக்குப் பிடித்த பெண்ணைக் கண்டதும் தடுமாறி விழுந்தால், அதைப் பார்த்துச் சிரிக்க மொழி எதற்கு?

வின்சென்ட், 1914ல், கோவையில், 'வெரைட்டி ஹால்' என்ற திரையரங்கைக் கட்டினார். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்குகளில் இதுவும் ஒன்று. அது இருந்த சாலைக்கு, இன்றும், வெரைட்டி ஹால் ரோடு என்று தான் பெயர். பாதே என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கருவிகளையும் விற்றார். அவற்றை வாங்கிய பலர், தாங்களும் ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினர்.

படங்கள் பேசத் துவங்கிய பின்னும் அவர் ஓயவில்லை. 1933ல் வெளியான, 'வள்ளி திருமணம்' என்ற தமிழ்ப் படத்தின் தயாரிப்பில் பங்கெடுத்தார். 1942ல் காலமானார்.

சம்பளத்தை விட, 90 மடங்கு விலை சொன்ன கருவியை, ஓர் இளைஞர் துணிந்து வாங்கினார். அந்தத் துணிச்சல், தமிழக மக்களுக்குப் புதியதோர் உலகத்தையே காட்டியது.

இன்று இரவு, வீட்டில் ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள் குட்டீஸ்... ஒரு வார்த்தை கூடப் பேசாமல், ஒரு சிரிப்புக் கதையை நடித்துக் காட்டுங்கள். பாட்டி சிரித்து விட்டால், நீங்களும் ஊமைப்பட நட்சத்திரம் தான்!