ஒரு மாலைப் பொழுதின் உயிர்

நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 1637ஆம் ஆண்டு யான் ஸ்வாமர்டாம் பிறந்தார். அவருடைய தந்தை மருந்து வணிகர். அரிய பொருள்களைத் திரட்டி வீட்டிலேயே காட்சிக்கு வைத்திருந்தவர். அப்பொருள்களிடையே வளர்ந்த சிறுவனின் உள்ளம் பூச்சிகளின்பால் ஈர்க்கப்பட்டது.

ஸ்வாமர்டாம் லெய்டன் நகரில் மருத்துவம் பயின்று 1667இல் பட்டம் பெற்றார். ஆயினும் மருத்துவத் தொழிலில் அவர் மனம் செல்லவில்லை. மகன் பொருளீட்ட வேண்டும் எனத் தந்தை வற்புறுத்தினார். பின்னர்ப் பொருளுதவியையும் நிறுத்தினார். வறுமையும் நோயும் வாட்டியபோதும் ஸ்வாமர்டாம் தம் ஆய்வைக் கைவிடவில்லை.

பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமே தோன்றுகின்றன என்று அக்காலத்தில் பலர் நம்பினர். புழு வேறு, பூச்சி வேறு என்றும் எண்ணினர். ஸ்வாமர்டாம் மே ஈ என்னும் பூச்சியை ஆராய்ந்தார். கோடைக்கால மாலையில் ஆற்றுநீரிலிருந்து கூட்டமாக எழும் அப்பூச்சி, முட்டையிட்டுச் சில மணி நேரத்திலேயே மடிந்துவிடும். ஆனால், அதன் இளவுயிரியோ ஆற்றங்கரைக் களிமண்ணில் வளை தோண்டி, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீருக்குள் வாழ்கிறது. உருப்பெருக்கியின் கீழ்த் தீட்டப்பட்ட மிகச் சிறிய கத்தரிகளாலும் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களாலும் அவர் அதன் உள்ளுறுப்புகளை ஆய்ந்து வரைந்தார். முட்டை, இளவுயிரி, பூச்சி ஆகியவை ஓருயிரின் வெவ்வேறு நிலைகளே எனத் தெளிவுபடுத்தினார். மே ஈயைப் பற்றிய அவருடைய நூல் 1675இல் வெளிவந்தது.

1680இல், தமது 43ஆம் அகவையில், அவர் மறைந்தார். அச்சேறாத அவருடைய கையெழுத்துப் படிகளைப் பிற்காலத்தில் போயர்ஹாவே என்னும் மருத்துவப் பேராசிரியர் தேடி வாங்கினார். அவை 1737–38ஆம் ஆண்டுகளில் பெருநூலாக வெளிவந்தன.

இன்று ஓடைநீரின் தூய்மையை அறிய விரும்புவோர், நீரடிக் கற்களைப் புரட்டி இளவுயிரிகளைத் தேடுகின்றனர். வயிற்றின் இருபுறமும் செவுள்களும், பின்புறம் பெரும்பாலும் மூன்று வால் இழைகளும் இருப்பின் அது மே ஈயின் இளவுயிரி. இரண்டு வால் இழைகளும், ஒவ்வொரு காலின் நுனியிலும் இரு நகங்களும் இருப்பின் அது கல் ஈயின் இளவுயிரி. மாசு மிகுந்த நீரில் இவற்றுள் பெரும்பாலானவை வாழ்வதில்லை. மாலையில் தோன்றி இரவில் மறையும் சிற்றுயிரையும் பொருட்படுத்திக் கற்ற ஒருவரின் உழைப்பு, நீர்நிலைகளைக் காப்போருக்கு இன்றும் வழிகாட்டுகிறது.