விண்வழி கண்ட கோடார்டு

வானத்தை அண்ணாந்து நோக்கி வியவாத மாந்தர் இலர். முகில் தவழும் எல்லைக்கு அப்பால் காற்று எத்தன்மையது, ஆங்கு வெப்பம் எவ்வளவு, அங்கிருந்து நோக்கின் நம் நிலவுலகம் எங்ஙனம் தோன்றும் என்னும் வினாக்கள் அறிஞர் உள்ளத்தை நெடுங்காலம் ஈர்த்து வந்தன. மனிதன் தானே அவ்வுயரத்தை எய்த இயலாத காலத்தில், ஒரு கருவியின் கண்ணையேனும் அங்கு அனுப்பலாகாதா என்று எண்ணி, அதன்பொருட்டுத் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டவர் இராபர்ட் கோடார்டு என்னும் அமெரிக்க அறிஞர்.

அவர் 1882ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள், மாசச்சூசெட்சு மாநிலத்திலுள்ள வூசுட்டர் நகரில் பிறந்தார். இளமையில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டமையால் பள்ளிப் படிப்பில் தம் தோழர்களுக்கு ஈராண்டு பின்தங்கினார். ஆயினும், பள்ளிக்குச் செல்லாத நாட்களில் நூலகத்து நூல்களே அவருக்கு ஆசான்களாயின. 1899ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், பதினேழு வயதினரான அவர், பட்டுப்போன கிளைகளைத் தறிப்பதற்காகச் செர்ரி மரமொன்றில் ஏறினார். அம்மரத்தின்மீது அமர்ந்தவாறே, செவ்வாய்க் கோள் வரை செல்லவல்ல பொறியொன்றை மனக்கண்ணில் கண்டார். ஏறும்பொழுது வெறும் சிறுவராயிருந்தவர், இறங்கும்பொழுது வாழ்வின் குறிக்கோளைப் பெற்றவராயினார். அந்நாளை ஆண்டுதோறும் அவர் நினைவுகூர்ந்து போற்றி வந்தார்.

கிளார்க்குப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1911ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்ற கோடார்டை, 1913ஆம் ஆண்டில் எலும்புருக்கி நோய் பற்றியது. மருத்துவர்கள் நம்பிக்கை இழந்தனர், அவரோ இழக்கவில்லை. உடல் தேறி வந்த நாட்களிலும் தம் ஆராய்ச்சிக் குறிப்புகளைக் கைவிடாது எழுதினார். அதன் பயனாக 1914ஆம் ஆண்டில் இரண்டு காப்புரிமைகள் அவருக்குக் கிடைத்தன. ஒன்று, நீர்ம எரிபொருளால் இயங்கும் இராக்கெட்டைப் பற்றியது. மற்றொன்று, எரிந்து முடிந்த பகுதியை உதிர்த்துவிட்டு எஞ்சிய பகுதி மேலேறும் பல அடுக்கு இராக்கெட்டைப் பற்றியது.

இவ்விரண்டும் எதற்காக? இராக்கெட்டின் பெரும்பகை எடையே. ஒரு கருவியை மேலே சுமந்து செல்ல எரிபொருள் வேண்டும். அவ்வெரிபொருளுக்கும் எடை உண்டு. அவ்வெடையையும் தூக்குவதற்கு மேலும் எரிபொருள் வேண்டும். ஆதலின், குறைந்த எடையில் மிகுந்த ஆற்றலைத் தரும் முறையைக் காண்பதே முதற்பணியாயிற்று. பழைய வெடிமருந்து வாணங்கள் தம் ஆற்றலில் நூற்றில் ஏறத்தாழ 2 பங்கையே இயக்கமாக மாற்றின. கோடார்டு, இடையிற் குறுகி முனையில் விரியும் குழலைப் பொருத்தி, அப்பங்கை 60க்கு மேல் உயர்த்திக் காட்டினார். சுமித்சோனியன் நிறுவனம் 1917ஆம் ஆண்டில் 5,000 டாலர் நல்கி அவரை ஊக்கியது.

பலூன்கள் எட்டாத உயரத்திற்குக் கருவிகளை அனுப்பும் முறையை விளக்கி அவர் எழுதிய நூல், 1920ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. நிலவுக்கும் இராக்கெட்டு செல்லக்கூடும் என்று அதில் ஓரிடத்தில் அவர் குறிப்பிட்டிருந்தார். அவ்வொன்றையே பற்றிக்கொண்டு செய்தித்தாள்கள் அவரை எள்ளி நகையாடின. காற்றில்லாத வெளியில் இராக்கெட்டு உந்துவதற்குப் பற்றுக்கோடு ஏது என்று வினவி, பள்ளி மாணவர் அறிந்ததையும் அவர் அறியார் என 'நியூயார்க் டைம்சு' இதழ் இகழ்ந்தது. படகிலிருந்து கரைக்குத் தாவுவோன் படகைப் பின்னே தள்ளுகிறான். படகு பின்செல்வதற்குக் காற்று வேண்டுவதில்லை. அங்ஙனமே, வெளியே பாயும் வளி இராக்கெட்டை எதிர்த்திசையில் தள்ளுகிறது. காற்றகற்றிய குழாயினுள் இராக்கெட்டு இயங்குவதைக் கோடார்டு முன்னரே சோதித்து அறிந்திருந்தார். எனினும் அவர் சொற்போர் தொடுக்கவில்லை. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேயே, நிலவையும் கோள்களையும் அணுகிப் படம் பிடிக்கும் கருவிகளை இராக்கெட்டில் அனுப்பலாம் என்னும் கருத்தைச் சுமித்சோனியன் நிறுவனத்துக்கு எழுதினார்.

1926ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள், ஆபர்ன் என்னும் ஊரிலிருந்த உறவினர் பண்ணையில் அவருடைய இராக்கெட்டு நின்றது. பெட்ரோலும் திரவ ஆக்சிசனும் நிரம்பிய நிலையிலும் அதன் எடை 5 கிலோவுக்குக் குறைவே. அவர்தம் மனைவியார் எசுதர் அம்மையார் திரைப்படக் கருவியுடன் காத்திருந்தார். அக்கருவியோ ஒரு முறை முடுக்கினால் 7 நொடிகளே ஓடும். இராக்கெட்டு எழுமுன்னரே அது நின்றுவிட்டது! அதன் பின்னர் எழுந்த இராக்கெட்டு, இரண்டரை நொடியில் 41 அடி உயர்ந்து, 184 அடி தொலைவில் வீழ்ந்தது. நீர்ம எரிபொருளால் பறந்த முதல் இராக்கெட்டு அதுவே. அந்நிகழ்ச்சியைப் படம் பிடிக்க இயலவில்லை. ஆனால் உலக வரலாறு அதனைப் பதித்துக்கொண்டது.

1929ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள், கோடார்டு ஒரு படி மேலே சென்றார். காற்றழுத்தமானி, வெப்பமானி, அவை காட்டும் அளவைப் படம் பிடிக்கும் புகைப்படக் கருவி ஆகியவற்றை இராக்கெட்டில் ஏற்றினார். அது ஏறத்தாழ 90 அடியே உயர்ந்தது. எனினும் கருவிகள் சிதையாமல் மீண்டும் கைக்கு வந்தன. அறிவியற் கருவிகளைச் சுமந்து சென்ற முதல் நீர்ம எரிபொருள் இராக்கெட்டு என்னும் சிறப்பு அதற்கு உரியதாயிற்று. ஆயின், அதன் பேரொலியைக் கேட்டோர் வானவூர்தி வீழ்ந்து நொறுங்கியது என அஞ்சினர். காவலரும் மருத்துவ ஊர்திகளும் விரைந்தனர். அம்மாநிலத்தில் இனி இத்தகைய சோதனை கூடாது எனத் தீயணைப்புத் துறைத் தலைவர் தடை விதித்தார். செய்தித்தாள்கள் மீண்டும் நகைத்தன.

அச்செய்தியே அவருக்கு நற்பேற்றையும் கொணர்ந்தது. அட்லாண்டிக்குப் பெருங்கடலைத் தனியே பறந்து கடந்த லிண்டுபர்க்கு அவரை நாடி வந்தார். அவர்தம் முயற்சியால் குகன்ஃகைம் என்னும் செல்வர் பொருளுதவி புரிந்தார். 1930ஆம் ஆண்டில் கோடார்டு நியூமெக்சிகோ மாநிலத்து ராசுவெல் ஊருக்குக் குடிபெயர்ந்தார். சுழலும் பம்பரம் சாயாது நிற்றல் போன்று, சுழற்கருவியொன்றைக் கொண்டு இராக்கெட்டை நேர்வழியில் செலுத்தும் முறையை அங்குக் கண்டார். எசுதர் அம்மையார் வான்குடைகளைத் தைத்தார். சோதனைகளைப் படம் பிடித்தார். 1937ஆம் ஆண்டில் ஓர் இராக்கெட்டு ஒன்றரை மைலுக்கு மேல் உயர்ந்தது.

1945ஆம் ஆண்டு ஆகசுடு 10ஆம் நாள் கோடார்டு காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், அதே நியூமெக்சிகோவின் பாலைநிலத்திலிருந்து, செருமானியர் ஆக்கிய வி-2 இராக்கெட்டு ஒரு படக்கருவியுடன் ஏறத்தாழ 65 மைல் உயரம் சென்றது. இராக்கெட்டு வீழ்ந்து நொறுங்கியது; எஃகுப் பேழையுள் இருந்த படச்சுருள் தப்பியது. விண்வெளியிலிருந்து எடுத்த நிலவுலகின் முதற்படம் மக்களுக்குக் கிட்டியது. 1969ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள், மூவரை ஏற்றிக்கொண்டு அப்பல்லோ 11 நிலவு நோக்கிப் புறப்பட்டது. மறுநாள், கோடார்டின் படக்கருவி 90 அடி ஏறிய அதே சூலை 17ஆம் நாளில், அவரை இகழ்ந்த இதழ் தன் பிழையை ஒப்புக்கொண்டு வருந்தியது. இகழப்பட்டவர் அதனைக் காண உயிருடன் இல்லை.

90 அடி என்பது ஒரு தென்னையின் உயரத்தைவிடச் சற்றே மிகுதி. எனினும் கோடார்டு அதனைத் தோல்வி எனக் கொள்ளவில்லை. ஏணியின் ஒரு படியெனவே கொண்டார். பிறர் நகைப்புக்குச் சொல்லால் விடையிறுக்காது செயலால் விடையிறுத்தல், சிறு வெற்றியைப் பெருவெற்றிக்கு வித்தாகக் கொள்ளுதல் ஆகிய இரு பண்புகளும் அவர் வாழ்க்கையிலிருந்து நாம் கற்கத்தக்கவை.