வைக்கோலைச் சத்தான தீவனமாக்கிய எர்ன்ஸ்ட் பெக்மன்

தானா ராத்தா: மாடு வளர்த்த தோட்டக் குடும்பங்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வைக்கோல் வயிற்றை நிரப்பும், பாலைக் கூட்டாது. அதற்குக் காரணம் வைக்கோலில் இருக்கும் லிக்னின். பயிரின் தண்டை நிமிர்த்தி நிறுத்தும் இந்தப் பொருள், நாரில் உள்ள சத்தை மாட்டின் வயிற்றுக் கிருமிகள் எட்டாதபடி பூட்டி வைக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்க எளிய வழி கண்டவர் ஜெர்மானிய வேதியியலாளர் எர்ன்ஸ்ட் ஓட்டோ பெக்மன்.

அவர் 1853 ஜூலை 4ஆம் தேதி சோலிங்கன் நகரில் பிறந்தார். வேதியியல் படிக்க ஆசைப்பட்டவரைத் தந்தை மருந்துக்கடைத் தொழில் பழக அனுப்பினார். ஆனாலும் பிறகு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நினைத்ததைப் படித்து முடித்தார். 1886இல் அவர் கண்டறிந்த பெக்மன் மறுசீரமைப்பு வினை, இன்றும் நைலான்-6 தயாரிப்புக்கு உதவுகிறது. மிக நுண்ணிய வெப்ப மாற்றத்தை அளக்கும் பெக்மன் வெப்பமானியும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1912இல் பெர்லினில் புதிதாகத் தொடங்கிய கைசர் வில்ஹெல்ம் வேதியியல் கழகத்துக்கு அவர் முதல் இயக்குநரானார். இரண்டே ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. கடல்வழி அடைபட, மக்களுக்கு உணவும் மாடுகளுக்குத் தீவனமும் பஞ்சமாயின.

வைக்கோலைக் காரத்தில் வேகவைக்கும் முறை அப்போதே இருந்தது. ஆனால் அதற்கு எரிபொருள் வேண்டும். பெக்மன் அடுப்பே இல்லாமல் செய்து காட்டினார். சுமார் 1.5 விழுக்காடு காஸ்டிக் சோடா கலந்த குளிர்ந்த நீரில் வைக்கோலை ஊறவைத்து, காரம் போகும்வரை அலசினார். அப்படிப் பதப்படுத்திய வைக்கோல் முன்பைவிட நன்றாகச் செரித்தது.

வைக்கோலில் லிக்னினையும் நாரையும் இணைக்கும் பல பிணைப்புகள் எஸ்டர் வகையைச் சேர்ந்தவை. அவை குளிர்ந்த காரத்திலேயே அறுந்துவிடும். மரத்தின் லிக்னின் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது.

காரநீரில் கரைந்து வந்த லிக்னினையும் அவர் வீணாக்கவில்லை. அமிலம் சேர்த்தால் அது வீழ்படிவாகப் பிரியும். ரை என்ற தானியத்தின் வைக்கோலிலிருந்து இப்படிப் பிரித்த லிக்னினை ஆராய்ந்து, 1921இல் உதவியாளர்களுடன் கட்டுரை வெளியிட்டார். 1923 ஜூலையில் பெர்லினில் காலமானார்.

அவர் முறையிலும் குறை உண்டு. அலசும்போது தண்ணீர் ஏராளமாகச் செலவாகும். கொஞ்சம் சத்தும் அதோடு போய்விடும். காஸ்டிக் சோடா கையைப் புண்ணாக்கும் என்பதால் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. பின்னாளில் யூரியா முறை வந்தது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைப்பார்கள். அலச வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மாடு வளர்ப்போருக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆறாம் படிவத்தில் வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகள் பெக்மன் பெயரைப் பாடத்தில் சந்திக்கலாம். பஞ்ச காலத்தில் மாட்டுத் தொட்டிவரை இறங்கி வந்த படிப்பு அவருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.