கொங்கணக் கரையிலிருந்து இலண்டன் வரை: கிற்றார்க் கலைஞர் அமான்சியோ டி சில்வா

டி சில்வா என்னும் பெயரைக் கண்டவுடன் இம்மலரைப் புரட்டும் நம்மவருட் பலர் கொழும்பையோ காலியையோ நினைத்துக்கொள்வர். போர்த்துக்கேயர் கப்பலேறி வந்திறங்கிய கரைகளிலெல்லாம் விட்டுச் சென்ற பெயர்களுள் அதுவும் ஒன்று. நாம் இங்கு எழுதப் புகும் அமான்சியோ டி சில்வா இலங்கையர் அல்லர். கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பமொன்றிலே 1936ஆம் ஆண்டு பம்பாயிற் பிறந்து, 1996ஆம் ஆண்டு இங்கிலாந்திலே மறைந்த கிற்றார்க் கலைஞர் அவர். ஜாஸ் இசையைத் தேடிக் கேட்போர் நன்கறிந்த இப்பெயர் நம் தமிழ் வாசகரிடம் அவ்வளவாக வந்து சேரவில்லை.

விழா மலருக்கு ஒரு வரலாறு எழுதுக என்றால் நாவலர் பெருமானையோ பாரதியையோ விபுலாநந்த அடிகளையோ எடுத்துக்கொள்வது நம் வழக்கம். இம்முறை வழக்கத்தை விட்டு விலகியதற்குக் காரணம் உண்டு. பகற்பாடசாலையிலே பிள்ளை கிற்றார் பழகினால், வார இறுதியிற் கற்கும் பாட்டும் மிருதங்கமும் கெட்டுவிடாவா எனப் பெற்றோர் ஒருவர் நம்மிடம் வினவினார். கிளென் வேவர்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இவ்வினா எழுந்திருக்கும். நின்ற நிலையில் ஓரிரு வார்த்தைகளில் விடை கூற நம்மால் இயலவில்லை. ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்வதே தக்க விடையாகும் என்று கருதினோம்.

அமான்சியோவை அறிய முதலிற் கோவாவை அறிதல் வேண்டும். 1510 முதல் 1961 வரை நானூற்றைம்பது ஆண்டுகள் போர்த்துக்கேயர் ஆண்ட நிலம் அது. அங்கே கோயிற்பற்றுப் பள்ளிகளிற் சிறுவருக்கு எழுத்தோடு மேனாட்டுச் சுரக்குறிப்பையும் வயலினையும் கற்பித்தனர். ஆயினும் வீட்டு முற்றத்தில் ஒலித்தது கொங்கணிப் பாட்டே. மாண்டோ என்னும் மெதுநடைப் பாடலுக்கு வயலினும், குமட் என்னும் மண்குட முழவும் துணை நின்றன. மேனாட்டு வாத்தியமும் நாட்டு முழவும் ஒரே பாயிலமர்ந்த இசை அது. மட்டக்களப்பிலே பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலினும் கிற்றாரும் கொண்டு ஆடிய கவ்ரிஞ்ஞா ஆட்டத்தைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

கோவாவில் வேலை இல்லை. கையில் இசை இருந்தது. ஆதலால் அக்கலைஞர்கள் பம்பாய்க்கும் கப்பல்களுக்கும் உணவுவிடுதி மேடைகளுக்கும் சென்றனர். 1930களிலே பம்பாய் தாஜ் மகால் விடுதிக்கு வந்த கறுப்பின அமெரிக்க ஜாஸ் கலைஞரிடமிருந்து அப்புதிய இசையை இவர்களும் பற்றிக்கொண்டனர். பின்னர் இந்தித் திரையிசைக்குள் அதனைக் கொண்டு சேர்த்தவர்களும் இவர்களே. 1951இல் வெளிவந்த அல்பேலா படத்தின் பாடல்களிலே சி. இராமச்சந்திராவுக்குத் துணைநின்ற சிக் சொக்கலேற் என்பவர் கோவாவைச் சேர்ந்த எக்காளக் கலைஞர். இலங்கை வானொலியின் இந்திச் சேவையைக் கேட்டு வளர்ந்த நம் தலைமுறையினர் இவர்களின் வாசிப்பைப் பெயரறியாமலே கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். பின்னணியில் இருந்தவர் பெயரை முன்னே சொல்லும் வழக்கம் அன்று இருக்கவில்லை.

அவ்வழியில் வந்தவரே அமான்சியோ. கிற்றாரைக் கையிலெடுத்து அமெரிக்க ஜாஸ் கலைஞரின் வாசிப்பைக் கேட்டுப் பயின்று, இந்தியாவிலேயே தொழில்முறைக் கலைஞராகினார். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி அவரது திறமையை மதித்து ஆதரவளித்தார். அமெரிக்காவிற் செய்யப்பட்ட கிப்சன் கிற்றார் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தார். நல்ல வாத்தியம் ஒரு கலைஞனுக்குப் பாதி வாழ்வு என்பதை வாத்தியம் பழகுவோர் அறிவர்.

அரண்மனை ஆதரவும் பெயரும் இருந்த அந்நிலையிலேதான் 1967இல் அவர் குடும்பத்தோடு இலண்டனுக்குச் சென்றார். மேடையை நாடி அவர் போகவில்லை. நோயுற்றிருந்த மூத்த மகனுக்கு மருத்துவம் தேடியே போனார். பிள்ளைக்காகக் கடல் கடந்தவர்கள் இம்மண்டபத்திலே எத்தனை பேர்! ஊரிலே வாத்தியார் என்று மதிக்கப்பட்டவர் வேற்றூரில் யாருமறியாதவராய் முதலிலிருந்து தொடங்குவது எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவர் சென்ற காலத்தில் இலண்டனில் இந்திய இசைக்குப் பெருமோகம் இருந்தது. பீற்றில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் பண்டிதர் இரவிசங்கரிடம் சித்தார் பயின்றுகொண்டிருந்தார். கல்கத்தாவிற் பிறந்த ஜோன் மேயர் என்னும் வயலின் கலைஞரும், ஜமேக்காவிற் பிறந்த ஜோ ஹரியற் என்னும் சக்சபோன் கலைஞரும் 1960களின் நடுப்பகுதியில் இந்திய இசைக்குழுவையும் ஜாஸ் குழுவையும் ஒரே மேடையில் அருகருகே இருத்தி இசைத்தட்டுகள் வெளியிட்டிருந்தனர். மோகத்தைப் பயன்படுத்த விரும்பும் ஒருவர் சித்தாரைத் தூக்கியிருப்பார். அமான்சியோ கிற்றாரை விடவில்லை. இந்தியரென்று காட்டுவதற்கு இந்திய வாத்தியம் வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. இதுவே அவரிடம் நாம் மிக வியக்கும் பண்பு.

இதிலுள்ள சிக்கலை மாணவர்க்கு விளக்குவது நன்று. நம் இசையிலே ஆதார சட்சம் மாறுவதில்லை. தம்புராவின் சுருதி ஒன்றாக நிற்க, இராகம் அதன்மேல் அசைந்து விரியும். ஜாஸ் இசையிலோ பல சுரங்கள் ஒருங்கொலிக்கும் சுரக்கட்டுகள் அடிக்கொருதரம் மாறும். நின்ற தரை நகர்ந்துகொண்டே இருப்பது போல. இரண்டையும் வெறுமனே ஒட்டினால் ஒன்று மற்றதைக் குலைத்துவிடும். கிற்றாரின் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை அசைக்கலாம். ஆனால் வீணையின் உயர்ந்த மெட்டுகளில் இழுப்பது போன்று ஆழமாக இழுத்தல் எளிதன்று.

வழி ஜாஸ் பக்கத்திலிருந்தும் திறந்திருந்தது. 1959இல் மைல்ஸ் டேவிஸ் சுரக்கட்டு மாற்றங்களைக் குறைத்து, ஒரே சுரவரிசையில் நெடுநேரம் உலாவும் முறையைப் பரவலாக்கினார். அது நம் இராக ஆலாபனைக்கு ஓரளவு அண்மையானது. மேலும் இரு இசையும் அவ்விடத்திலேயே கற்பித்துப் பாடும் இசைகள். நம் கற்பனாசுரமும் நிரவலும் போன்றதே ஜாஸ் கலைஞரின் தனிவாசிப்பு. அமான்சியோ இப்பொதுநிலத்தைத் தேர்ந்தார். மெட்டை இராகச் சாயலில் அமைத்து, தாளத்தை ஜாஸ் முரசுக்கு விட்டு, இடையிடையே கொங்கணி நாட்டுப் பாடலின் துள்ளலைச் சேர்த்தார். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டுவது கடினம். அருகருகே அடுக்கிவைத்த முயற்சிகளைவிட இதனை நாம் உயர்வாக மதிக்கக் காரணம் அதுவே.

டெனிஸ் பிரெஸ்ரன் என்னும் தயாரிப்பாளரின் ஆதரவில் 1969ஆம் ஆண்டிலே அவருடைய இரண்டு இசைத்தட்டுகள் உருவாயின. முதலாவது ‘இன்ரிகிறேசன்’, ஒன்றிணைதல் என்பது பொருள். அதில் டொன் றென்டல், இயன் கார் முதலிய பிரித்தானியக் கலைஞர் உடன் வாசித்தனர். இரண்டாவது ‘ஹம் தோனோ’. நாமிருவர் என்று பொருள்படும் இந்திச் சொல். இருவருள் மற்றவர் முன்னர்க் குறிப்பிட்ட ஜோ ஹரியற். பம்பாயிலிருந்து வந்தவரும் ஜமேக்காவிலிருந்து வந்தவரும் இலண்டனில் ஒருவரையொருவர் கண்டுகொண்ட இசைத்தட்டு அது. நோர்மா வின்ஸ்ரன் என்னும் ஆங்கிலப் பாடகி அதிற் சொற்களின்றிக் குரலால் மட்டும் பாடினார். ஆலாபனை கேட்டுப் பழகிய நம் செவிக்கு அது அந்நியமாய் இராது.

அவ்விசைத்தட்டில் உள்ள ஆக்கங்களின் பெயர்களைப் பாருங்கள். ஒன்று ‘ஜெய்ப்பூர்’, ஆதரித்த ஊர். ஒன்று ‘கோவாவுக்கான கதைப்பாட்டு’, மூதாதையர் மண். மற்றொன்று ‘ஸ்ரெபானோவின் நடனம்’. ஸ்ரெபானோ என்பது, யாருக்காகக் கடல் கடந்தாரோ, அந்த மகனின் பெயர்.

இத்தனை இருந்தும் செல்வம் வந்து குவியவில்லை. ஹரியற் வறுமையுற்று 1973இல் தம் நாற்பத்துநான்காம் வயதிலே காலமானார். ஜாஸ் இசைத்தட்டுகளுக்குச் சந்தை சுருங்கிற்று. இளைஞர் றொக் இசையின் பக்கம் போயினர். 1972இல் ‘கொஸ்மிக் ஐ’ என்னும் குழுவின் பெயரில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. அதே காலப்பகுதியில் சித்தார், தபேலா, ஜாஸ் வாத்தியங்கள் யாவும் கூடிய இன்னொன்றையும் அமான்சியோ பதிவு செய்தார். ‘கொங்கண நடனம்’ என்பது அதன் தலைப்பு. அது அன்று வெளியிடப்படவில்லை. பிற்காலத்தில் அவர் பிறருக்கு இசை கற்பித்தார். அறுபது வயதிற் காலமானார்.

‘ஹம் தோனோ’வின் முதற் பதிப்பைச் சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடலாயினர், உயிரோடிருந்த காலத்தில் அவ்விலையில் ஒரு பங்கேனும் கலைஞரின் கைக்குப் போயிருக்கலாகாதா என்று நமக்குத் தோன்றும். பழைய இசைத்தட்டுகள் மறுபதிப்புப் பெற்றன. பெட்டியிற் கிடந்த ‘கொங்கண நடன’மும் அவர் மறைந்த பின்னர், 2000களிலே வெளிவந்தது. கேட்க விரும்பும் மாணவர்கள் ‘ஸ்ரெபானோவின் நடன’த்தில் தொடங்கலாம். அதன் பின்னர் ‘ஜெய்ப்பூர்’ கேட்கலாம். ‘கொங்கண நடன’த்தை மட்டும் வீட்டிலே மிருதங்கம் பழகும் பிள்ளையையும் அருகில் இருத்திக்கொண்டு, தொடையிலே தாளம் போட்டபடி கேட்பது நன்று.