தேரையர்

திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களில் நின்று மேற்கே நோக்கினால் வானளாவிய மலைத்தொடர் தோன்றும். அதன்கண் உள்ள சதுரகிரி, சித்தர் உறைந்த மலையென்று போற்றப்பெறுவது; தெற்கே உள்ள பொதியம் அகத்தியருக்கு உரியது. அம்முனிவரின் மாணாக்கரே தேரையர் என்பர்.

இளமையில் அவர் வாய் பேசாதவர். அரசனொருவன் தலைநோயால் வருந்த, அகத்தியர் அவன் கபாலத்தைத் திறந்தார். மூளைமேல் தேரை ஒன்று அமர்ந்திருந்தது. ஆசிரியர் திகைத்து நிற்க, மாணாக்கர் பாத்திரத்தில் நீர் கொணர்ந்து கலக்கினார். ஒலி கேட்ட தேரை நீரிற் குதித்தது. பெயர்க்காரணம் இதுவென்பது செவிவழிச் செய்தி.

கதை எவ்வாறாயினும், அவர் பெயரால் வழங்கும் நீர்க்குறி நெய்க்குறி நூல் நம் கையில் உள்ளது. மூட்டு வீங்கி நடக்கமாட்டாதவனாயினும், நீர் சுருங்கி உடல் பருத்தவனாயினும், அவனது விடியற்காலைச் சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகியவற்றை நோக்குக என்கிறது அந்நூல். பின்னர் அதில் நல்லெண்ணெய் ஒரு துளி விட்டு, அசையாமல் வைத்துப் பார்த்தல் வேண்டும். துளி பாம்புபோல் நீண்டால் வாதம். மோதிரம்போல் வளைந்தால் பித்தம். முத்துப்போல் நின்றால் ஐயம். மூட்டுநோய்கள் பெரும்பாலும் வாதத்தின்பாற்படும். துளி மெல்லப் பரவினால் நோய் தீரும். நீருள் அமிழ்ந்தால் தீராது. தீராதென அறிந்தும் மறைத்துப் பொருள் பறிக்கும் மருத்துவர் எக்காலத்தும் உளராதலின், இவ்விதி எளியதன்று.

1827-இல் இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு பிரைட்டு, சூடேற்றிய சிறுநீர் உறைதலைக் கொண்டு சிறுநீரகப் பழுதை உணர்த்தினார். இன்றைய ஆய்வுக்கூடங்கள் அதிலுள்ள புரதத்தை அளந்தே நோயின் போக்கை முன்னறிகின்றன. நெய்க்குறி அவ்வாறு அளந்து நிறுவப்பெற்றதன்று. எனினும் 1964-இல் பாளையங்கோட்டையில் தோன்றிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் மாணாக்கர் இன்றும் அதனைப் பயில்கின்றனர்.