மங்கிய விழிகள் கண்ட உண்மை

வானத்து விண்மீன்களை ஆராய விரும்புவோருக்குக் கூர்மையான கண்கள் வேண்டும் என்றே நாம் எண்ணுவோம். ஆனால் வானியல் மேதை யோகான்னஸ் கெப்ளருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

அவர் 1571-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், இன்றைய ஜெர்மனியிலுள்ள வைல் டெர் ஸ்டாட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கூலிப் படைவீரர். குழந்தைப் பருவத்தில் கண்ட பெரியம்மை அவருடைய கைகளையும் கண்களையும் பலவீனமாக்கிவிட்டது. தொலைவிலுள்ளவை மங்கலாகத் தெரிந்தன. ஒரே நிலவு பல நிலவுகளாகத் தோன்றியது. எனினும் 1577-இல் தாய் கத்தரினா அவரை ஒரு மேட்டிற்கு அழைத்துச் சென்று வால்மீனைக் காட்டினார். வானத்தின்மேல் அவர் கொண்ட ஆர்வம் பின்னர் குறையவே இல்லை.

கிராஸ் நகரில் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், 1600-இல் பிராகா நகரில் டைக்கோ பிராகி என்ற வானியலாரிடம் சேர்ந்தார். டைக்கோ தம் கண்களால் அளந்து குறித்து வைத்தவற்றைக் கொண்டே, கோள்கள் நீள்வட்டப் பாதையில் செல்கின்றன என்பதைக் கெப்ளர் கண்டறிந்து 1609-இல் வெளியிட்டார்.

இதனிடையே அவர் சிந்தனை கண்ணின் பக்கம் திரும்பியது. 1600-இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தைச் சிறு துளையின் வழியே விழும் பிம்பமாகப் பார்த்தபோது, ஒளி எவ்வாறு பிம்பத்தை உண்டாக்குகிறது என்ற கேள்வி அவருள் எழுந்தது.

மூக்குக் கண்ணாடி அவர் காலத்திற்கு முன்பே இருந்தது. சுமார் 1286-இல் இத்தாலியில் அது தோன்றியது. முதலில் செய்தவர் செய்முறையை வெளியிட மறுத்தார் என்றும், பைசா நகரின் டொமினிக்கன் துறவி அலெசாந்திரோ தெல்லா ஸ்பினா தாமே செய்து பார்த்து, மனமுவந்து அனைவருக்கும் கற்றுக்கொடுத்தார் என்றும் அம்மடத்தின் வரலாறு கூறுகிறது. அவை வெள்ளெழுத்து உடைய முதியோருக்கான குவி லென்ஸுகள். கிட்டப்பார்வைக்கான குழி லென்ஸுகள் 15-ஆம் நூற்றாண்டில் வந்தன. ஆனால் அவை எவ்வாறு உதவுகின்றன என்பதை எவரும் சரியாக விளக்கவில்லை.

1604-இல் வெளியான தம் ஒளியியல் நூலில் கெப்ளர் அதை விளக்கினார். கண்ணுள் நுழையும் ஒளிக்கதிர்கள் வளைந்து ஒன்றுகூடி, விழித்திரையில் தலைகீழான பிம்பத்தை உண்டாக்குகின்றன. கிட்டப்பார்வை உடையவர்களுக்குத் தொலைப்பொருளின் கதிர்கள் விழித்திரையை எட்டுமுன்பே கூடிவிடுகின்றன. ஆகவே பிம்பம் மங்குகிறது. பெரும்பாலும் விழிக்கோளம் சற்று நீண்டிருப்பதே காரணம் என்று இன்று அறிவோம். நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் உள்ள குழி லென்ஸ் கதிர்களைச் சிறிது விரித்து அனுப்புகிறது. அதனால் அவை பின்னே தள்ளி, சரியாக விழித்திரையிலேயே கூடுகின்றன. தலைகீழ்ப் பிம்பம் உண்மையே என்பதை, இயேசு சபைத் துறவி கிறிஸ்டோப் ஷைனர் பின்னர் விலங்குகளின் கண்களைக் கொண்டு மெய்ப்பித்தார்.

கெப்ளரின் பிற்கால வாழ்வு துயரம் நிறைந்தது. வால்மீனைக் காட்டிய அன்னையைச் சூனியக்காரி என்று ஊரார் பழித்தனர். 1620-இல் சிறையிலும் அடைத்தனர். மகன் நேரில் சென்று வாதாடினார். 14 மாதங்களுக்குப் பின், 1621-இல் அந்த முதிய தாய் விடுதலை பெற்றார். கெப்ளர் 1630-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் ரேகன்ஸ்பர்க் நகரில் காலமானார்.

அன்புத் தோழியரே! கண்ணாடி அணிய நாணி, கரும்பலகை தெரியவில்லை என்பதை மறைப்பவர்கள் நம்மிடையே இருக்கலாம். குறையை மறைத்தால் அது குறையாகவே நிற்கும்; கெப்ளரோ தம் குறையையே கேள்வியாக்கி, உலகத்தார் கண்களுக்கு விளக்கம் தந்தார்.