தேறினார், சேர்க்கவில்லை!

செங்கோட்டைக்கு அண்மையில் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்தது. துண்டுகளும் மாலைகளும் மேசைமேல் குவிந்து கிடந்தன. மக்கள் கலைந்தனர். ஒரு தோழர் மட்டும் போகாமல் ஓரமாக நின்றார். மூட்டை தூக்கிப் பிழைப்பவர். தோளில் தழும்பு, கையில் மடித்த காகிதம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறிவிட்டாள், கல்லூரிக்கு மனுப் போட்டிருக்கிறாள், யாரைப் பிடித்தால் இடம் கிடைக்கும் என்று கேட்டார்.

யாரையும் பிடிக்க வேண்டாம், மதிப்பெண் இருக்கிறது, இடஒதுக்கீடு இருக்கிறது, பட்டியலில் பெயர் வரும், அழைப்பு வரும் என்றோம். தோழர் தலையசைத்தார். ஆனால் அவர் கண்களில் முழு நம்பிக்கை இல்லை. பரம்பரை பரம்பரையாகக் கதவுக்கு வெளியே நின்றவர்களின் பிள்ளை அல்லவா! கதவு திறந்திருக்கிறது என்று சொன்னாலும், உள்ளே காவல்காரன் ஒளிந்திருப்பானோ என்று அஞ்சுகிறது நெஞ்சம்.

அந்த அச்சம் பொய்யானதல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு, தோழர் நின்ற அதே மண்ணோடு ஒட்டிய வரலாறு.

செங்கோட்டை எந்த ஆட்சியில் இருந்தது? ஐந்து கல் தொலைவில் தென்காசி, பக்கத்தில் குற்றாலம். அவையிரண்டும் சென்னை மாகாணம். செங்கோட்டையோ திருவிதாங்கூர் மன்னரின் சமஸ்தானம்! பேசுவது தமிழ், உழுவது தமிழன், ஆனால் உத்தரவு வருவது ஆரியங்காவு கணவாய்க்கு அப்பால் திருவனந்தபுரத்திலிருந்து. 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்தது. அந்தத் திருவனந்தபுரத்தில், மன்னன் இருந்த அதே நகரத்தில், பேட்டை என்னும் பகுதியில், 1863 நவம்பர் 2 அன்று பிறந்தவர் டாக்டர் பல்பு.

பல்பு பிறந்தது ஈழவர் குலத்தில். ஈழவர் யார்? தென்னை ஏறுவோர், கயிறு திரிப்போர், உழுவோர், நெய்வோர், வைத்தியம் அறிந்தோர். சமஸ்தானத்து மக்கள் தொகையில் பெரும் பங்கினர். வரி கட்டுவதில் முன்னணியினர். ஆனால் கோயில் தெருவில் நடக்கக்கூடாது. அரசுப் பள்ளி பலவற்றில் நுழையக்கூடாது. அரசாங்க உத்தியோகம் என்பது அவர்களுக்கு எட்டாக்கனி. வரி வாங்கும்போது தீட்டுப்படாத காசு, வாங்கியவன் பிள்ளையோடு ஒரே பலகையில் உட்கார்ந்தால் மட்டும் தீட்டுப்பட்டதாம்!

இந்தச் சூழலில் ஆங்கிலம் படித்தார் பல்பு. மெட்ரிகுலேஷன் தேறினார். 1884இல் மருத்துவப் படிப்புக்குத் திருவிதாங்கூர் அரசு நடத்திய தேர்வை எழுதினார். தேர்விலும் தேறினார்! இருபது வயது இளைஞன், எவரிடமும் கைகட்டி நிற்காமல், எழுதுகோலை மட்டும் நம்பி வென்றான். இனி என்ன தடை?

தடை இருந்தது. இடம் தரவில்லை. ஏட்டில் எழுதப்படாத அந்தத் தடைக்குப் பெயர் சாதி.

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். தகுதி, திறமை என்று நாள் தவறாமல் நமக்குப் பாடம் நடத்துவோர் உண்டு. தேர்வு ஒன்று போதும், தேறியவன் உள்ளே, தேறாதவன் வெளியே, அதுவே நியாயம் என்பர். நல்லது. பல்பு தேறினாரே! அவர் எழுதியதும் தேர்வுதான். திருத்தியவர்களும் சமஸ்தானத்தார்தான். தகுதி அவர் கையில் இருந்தது; கதவின் தாழ்ப்பாள் மட்டும் வேறொருவன் கையில் இருந்தது. தேர்வு நடத்துவது ஒரு வேலை. தேறியவனைச் சேர்ப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையை யார் செய்கிறார்கள், எந்த விதிப்படி செய்கிறார்கள், அந்த விதியை ஊரார் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. 1884இல் திருவனந்தபுரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை.

பல்பு சோர்ந்தாரா? இல்லை. சென்னைக்குப் புறப்பட்டார். சென்னை மருத்துவக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. எல்.எம்.எஸ். பட்டம் பெற்றார். சொந்த நாட்டுக்கே பணி செய்வோம் என்று திரும்பி வந்து, திருவிதாங்கூர் மருத்துவத் துறையில் வேலை கேட்டார். அன்று படிப்பு இல்லை என்று கதவடைக்கவில்லை. படித்து வந்த பிறகும் கதவடைத்தார்கள்! அவருடைய அண்ணன் வேலாயுதன் கதையும் இதே கதை. பி.ஏ. பட்டம் பெற்றும் பிறந்த நாட்டில் வேலையில்லை. சென்னை அரசின் பணியில் சேர்ந்து உயர்ந்தார். ஒரு வீட்டில் ஒரு பட்டதாரி, ஒரு மருத்துவர். இருவரும் பிறந்த மண்ணுக்கு ஆகாதவர்கள்!

பல்புவை மைசூர் ஏற்றுக்கொண்டது. பெங்களூரில் அம்மைப்பால் தயாரிக்கும் பணியில் ஈடுபட்டார். 1898இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். பெற்ற பிள்ளையைத் தொடவும் பெற்றோர் அஞ்சினர். அந்த நேரத்தில் பிளேக் முகாமில் நின்று பணி புரிந்தார் பல்பு. திருவனந்தபுரத்தில் எந்தக் கை தீட்டு என்று ஒதுக்கப்பட்டதோ, அந்தக் கைதான் பெங்களூரில் நோயாளியின் நாடி பார்த்தது. மைசூர் அரசு அவரை மேற்படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பியது. கேம்பிரிட்ஜில் பொதுச் சுகாதாரப் பட்டயம் பெற்றுத் திரும்பினார்.

தான் பிழைத்தோம், தன் பிள்ளை பிழைத்தது என்று இருந்திருந்தால், பல்புவை நாம் இன்று நினைக்க வேண்டியதில்லை. நல்ல சம்பளம், பெங்களூர் வாசம், பெரிய மனிதர் தொடர்பு எல்லாம் இருந்தன. ஆனால் அவர் தன் காயத்தைத் தன்னுடையதாக மட்டும் கருதவில்லை. தனக்குச் சென்னைக்குப் போக வழி இருந்தது. வழியில்லாத ஆயிரம் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று எண்ணினார்.

1891இல் திருவிதாங்கூரில் மலையாளி மகஜர் எழுந்தது. வெளியிலிருந்து வந்த பார்ப்பனர்களே உயர்ந்த உத்தியோகங்களை நிரப்பிக்கொள்கிறார்கள், மண்ணின் மக்களுக்கு இடம் வேண்டும் என்று பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு மன்னருக்கு அளித்த மனு அது. பல்புவும் கையெழுத்திட்டார். அரசு தந்த மறுமொழி என்ன? ஈழவர்கள் படிப்பில் பின்தங்கியவர்கள், தங்கள் குலத்தொழிலில் நிறைவாக இருப்பவர்கள் என்ற பொருளில் பதில் வந்தது! பதில் எழுதியவர்களின் கண்முன்னே, எல்.எம்.எஸ். பட்டத்தோடு பல்புவும், பி.ஏ. பட்டத்தோடு வேலாயுதனும் வேலையின்றித் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். படிக்க விடுவதில்லை; பிறகு படிக்கவில்லை என்று பழி. படித்து வந்தாலோ, அப்படி ஒருவன் இருப்பதே தெரியாதது போல் பாசாங்கு!

இதில் இன்னொரு பாடமும் உண்டு. நம் தோழர்கள் கவனிக்க வேண்டிய பாடம். எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள். ஆனால் அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு உத்தியோகக் கதவு மெல்லத் திறந்தபோது உள்ளே போனவர்கள் மேல்படியில் நின்றவர்கள். கீழ்ப்படியில் நின்றவன் கையெழுத்துப் போட்டதோடு சரி. பொதுவாகக் கேட்டால் பொதுவில் வலியவனுக்குப் போய்விடும் என்று பல்பு கண்டுகொண்டார். ஆகவே தனியாகக் கேட்டார். 1896 செப்டம்பரில் ஈழவர் மகஜர் மன்னரிடம் அளிக்கப்பட்டது. 13,176 பேர் கையெழுத்து! அரசுப் பள்ளிகளில் எங்கள் பிள்ளைகளைச் சேருங்கள், அரசுப் பணிகளில் எங்களுக்குப் பங்கு தாருங்கள் என்பதே கோரிக்கை. சலுகை கேட்கவில்லை, தாங்கள் கட்டிய வரியில் நடக்கும் பள்ளியில் உட்கார ஒரு பலகை கேட்டார்கள்.

மன்னர் அரசு மசியவில்லை. பல்பு விடவில்லை. செய்தித்தாள்களில் எழுதினார். செய்தி லண்டன் பார்லிமென்ட் வரை போயிற்று. அங்கே கேள்வி எழுந்தது. 1903இல் நாராயண குருவைத் தலைவராகக் கொண்டு ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் அமைந்தது. அதை உருவாக்க முன்நின்றவர் பல்பு. அதன் செயலாளராகப் பணியாற்றிய மகாகவி குமாரன் ஆசான், இளமையில் பல்புவின் ஆதரவில் பெங்களூரில் படித்தவர். தனக்குக் கல்லூரியில் இடம் மறுத்தார்கள். தான் மற்றவனுக்குப் படிக்க இடம் கொடுத்தார்! பழிக்குப் பழி இப்படியும் வாங்கலாம் என்று காட்டிய பெருமகன் அவர்.

நீண்ட நாள் வாழ்ந்தார் பல்பு. 1924இல் வைக்கம் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போர் மூண்டதைக் கண்டார். தந்தை பெரியார் சிறை சென்ற போர் அது. 1936இல் திருவிதாங்கூர்க் கோயில்கள் திறந்ததைக் கண்டார். 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் அமைந்ததைக் கண்டார். 1950 ஜனவரி 25 அன்று, 86ஆம் வயதில் மறைந்தார். மறுநாள் விடிந்தால் இந்தியக் குடியரசு! சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று எழுதிய அரசியல் சட்டம் முழுமையாக நடப்புக்கு வந்த நாளைக் காண, ஒரே ஒரு நாள் குறைந்தது அந்த முதியவருக்கு.

ஆனால் அந்த ஆண்டே சென்னையில் என்ன நடந்தது என்பதையும் பல்பு காணவில்லை. நீதிக்கட்சி ஆட்சி 1921இல் தொடங்கி வைத்த வகுப்புரிமை, முத்தையா முதலியாரால் 1928இல் உத்தியோகங்களில் உறுதிபெற்று, பின்னர் கல்லூரி இடங்களிலும் நடப்பில் இருந்தது. 14 இடம் இருந்தால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. எவருக்கும் கதவடைக்காத கணக்கு! அதை எதிர்த்து, புதிய அரசியல் சட்டத்தைக் கையில் ஏந்தி வழக்குத் தொடுத்தார்கள். 1950 ஜூலை 27 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றமும் அப்படியே சொன்னது. தமிழகம் கொதித்தது. பெரியார் கிளர்ச்சி நடத்தினார்; மாணவர் வீதிக்கு வந்தனர். அதன் விளைவு, 1951 ஜூன் 18 அன்று அரசியல் சட்டமே முதல்முறையாகத் திருத்தப்பட்டு, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்யும் உரிமை அரசுக்கு வந்தது.

அந்த உட்பிரிவின் வேர் நீண்டது. சென்னையின் தெருக்களிலும் இருக்கிறது. 1884இல் திருவனந்தபுரத்தில் தேறியும் சேர்க்கப்படாமல் திரும்பிய இளைஞனின் காலடியிலும் இருக்கிறது.

இன்று தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் 100 இடம் இருந்தால் கணக்கு என்ன? முஸ்லிம்களுக்கான 3.5 உட்படப் பிற்படுத்தப்பட்டோருக்கு 30; மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20; அருந்ததியருக்கான உள்ஒதுக்கீடு 3 உட்பட ஆதிதிராவிடருக்கு 18; பழங்குடியினருக்கு 1. மீதி 31 பொதுப் போட்டி. அந்த 31 எவருக்கும் பட்டா எழுதிக் கொடுத்ததல்ல. மூட்டை தூக்குபவர் மகள் மதிப்பெண்ணில் முந்தினால் அந்த 31இலும் அவளுக்கு இடம் உண்டு. இதை ஒவ்வொரு தோழரும் ஊரில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உள்ஒதுக்கீடு ஏன் என்று கேட்போருக்கு மலையாளி மகஜரின் கதையைச் சொல்லுங்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும், 2009இல் அருந்ததியருக்கும் தனிப் பங்கு வைத்தது, பல்பு 1891இல் கற்ற அதே பாடம்தான். நாளை இன்னும் கீழே ஒருவன் நின்று, என் பங்கு வரவில்லை என்று கேட்டால், திவான் எழுதிய பதிலை நாம் எழுதக் கூடாது. அது நமக்கு நாமே வைத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை.

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வேண்டாம், பன்னிரண்டு ஆண்டு படித்த படிப்பே போதும் என்று 2006இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. 2017 முதல் மருத்துவத்துக்கு நீட் வந்து நிற்கிறது. பணம் கட்டிப் பயிற்சி பெற்றவன் ஓட, பீடி சுற்றுபவர் பிள்ளை மூச்சு வாங்கப் பின்னே வருகிறது. அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இல் 7.5 விழுக்காடு ஒதுக்கியதனால் சில நூறு வீடுகளில் விளக்கெரிகிறது. உலகமும் இப்படித்தான் எண்ணுகிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஒவ்வொரு பள்ளியிலும் முன்வரிசையில் தேறும் பத்து விழுக்காட்டு மாணவருக்குப் பொதுப் பல்கலைக்கழகத்தில் இடமென்று 1997இல் சட்டம் செய்தது. பிரேசில் நாடு 2012இல், மத்தியப் பல்கலைக்கழக இடங்களில் பாதி அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு என்று எழுதிவைத்தது. ஏழைப் பள்ளியில் முதலாவதாக வருபவனும் முதல்வனே என்று அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி 1951இல் திறந்தது. பல்பு மறைந்த மறு ஆண்டு! அவருக்குக் கதவடைத்த அதே நகரில் இன்று அவர் குலத்துப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கிறார்கள். மலைக்கு இப்பால், குற்றாலத்தில் 1964இல் பெண்களுக்கென ஒரு கல்லூரி எழுந்தது; எத்தனையோ உழவர் வீட்டுப் பெண்கள் அதன் படியேறினர்.

செங்கோட்டைத் தோழரே! உம் மகள் யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. அவளுக்காக ஏற்கெனவே 13,176 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பட்டியல் ஒட்டும் நாளில் அவளோடு நீரும் போய் நில்லும். வரிசை எண்ணைப் பாரும். பிசகு இருந்தால் கேளும். தேறியவளைச் சேர்க்காமல் அனுப்ப இனி எவனாலும் ஆகாது என்ற நிலையைக் காப்பது, உம் கடமை, நம் கடமை.